பாடம் செய்யக் கற்ற பாடம்

தமிழில் ‘பாடம்’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. வகுப்பறையில் நாம் படிப்பது பாடம். இறந்த பறவை, விலங்கு ஆகியவற்றின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, உயிரோடு இருந்த தோற்றத்திலேயே நிறுத்தி வைப்பதையும் ‘பாடம் செய்தல்’ என்றே சொல்கிறோம். நூதனசாலைகளில் நாம் காணும் சிறுத்தையும் கழுகும் இப்படிப் பாடம் செய்யப்பட்டவையே. இந்த இரண்டாவது பாடத்தை நான் மூன்று ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். இன்னும் தேர்ச்சி பெற்றவள் அல்லள். ஆயினும் நான் விட்ட பிழைகளும், அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்ட விதமும் தங்கைமாருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

தம்பியின் புறா

எங்கள் வீடு புத்தளம் களப்பின் ஓரத்தில் இருக்கிறது. நான் தரம் பத்தில் படித்தபோது என் தம்பிக்கு எட்டு வயது. வாப்பா பலகையால் அடித்துக் கொடுத்த கூட்டில் அவன் ஆறு புறாக்கள் வளர்த்தான். அவற்றில் ஒன்று முழு வெள்ளை. இடது சிறகில் மட்டும் ஒரேயொரு சாம்பல் இறகு. ஒரு நாள் மத்தியானம் அது கூட்டுக்குள் இறந்து கிடந்தது.

அதற்கு முந்திய வாரம்தான் நாங்கள் கண்டிக்குக் கல்விச் சுற்றுலா போய்வந்திருந்தோம். அங்கே தலதா மாளிகை வளாகத்தில் ‘ராஜா’ என்ற யானையைப் பார்த்தோம். பல ஆண்டுகள் எசல பெரஹராவில் பேழையைச் சுமந்த அந்த யானை 1988இல் இறந்தது. அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தம்பிக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் அவன் புறாவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “ராத்தா, இதையும் அப்புடி வெச்சிக்க ஏலாதா?” என்று கேட்டான். அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் ஏலாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஏலும் என்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்துதான் வேலையைத் தொடங்கினேன். அதுவரை புறா ஒரு பெட்டிக்குள் கிடந்தது. வயிற்றைக் கீறி உள்ளே இருந்ததை எடுத்தேன். நாம் உப்பு விளையும் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா? மீனைக் கருவாடாக்கும் உப்பு புறாவையும் காக்கும் என்று நம்பி, கை நிறைய உப்பை அள்ளித் தடவினேன். பிறகு பஞ்சைத் திணித்துத் தைத்தேன். கழுத்து தொய்ந்து போனது. அதற்குள்ளும் பஞ்சைத் திணித்தேன். கழுத்து நீண்டு தாராவைப் போல் ஆனது. தொட்ட இடமெல்லாம் இறகு உதிர்ந்தது. ஐந்தாம் நாள் வீட்டில் இருக்க முடியாத நாற்றம். “இந்த நாத்தத்த வெளியே கொண்டு போங்க மகள்” என்று உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தம்பி வந்து பார்த்தான். சாம்பல் இறகு இருந்த இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது. “இது என்ட புறா இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று மாலை அதை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அவன் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

சாச்சா சொன்ன ஐந்து பிழைகள்

வாப்பாவின் தம்பி ஒருவர் கற்பிட்டியில் இருக்கிறார். விலங்கியல் ஆய்வுகூடமொன்றில் உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து என் பிழைகளை எழுதித் தந்தார்.

முதலாவது, எதனால் இறந்தது என்று தெரியாத பறவையை வெறுங்கையால் தொட்டது. பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. காரணம் தெரியாவிட்டால் வேலைக்கு எடுக்கவும் கூடாது.

இரண்டாவது, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தது. நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே தோல் அழுகத் தொடங்கும். அழுகத் தொடங்கிய தோல் இறகைப் பிடித்து வைத்திருக்காது. உடனே செய்ய முடியாவிட்டால் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, உப்பு. ஆடு, மாடு போன்றவற்றின் தடித்த தோலுக்கு உப்பு நல்லது. அது தோலிலுள்ள நீரை வெளியே இழுக்கும். ஆனால் பறவையின் மெல்லிய தோலில் தங்கிவிடும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுக்கும். களப்போரக் காற்றில் தோல் காயவே காயாது. மழைக்காலத்தில் உப்புச் சாடிக்குள் உப்பு கசிவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதேதான். பறவைக்கு ஏற்றது வெண்காரம். தட்டார் பொன் வேலைக்குப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான்.

நான்காவது, பஞ்சைத் திணித்தது. பாடம் செய்வது தலையணை தைப்பது போன்ற வேலை இல்லை. அகற்றிய உடலின் அதே அளவில் வேறோர் உடலைச் செய்து, அதன்மேல் தோலைப் போர்த்த வேண்டும்.

ஐந்தாவது, தொடக்கத்திலேயே புறாவை எடுத்தது. புறாவின் தோல் மிக மெல்லியது. இறகு எளிதில் உதிரும். பழகிய கைகளுக்கே அது சிரமம்.

இவ்வளவையும் எழுதிய பின், “இதெல்லாம் சின்னப் பிழை புள்ள. பெரிய பிழை வேற. கத்திய எடுக்க முந்தி அந்தப் புறாவ நீங்க எவ்வளவு நேரம் பார்த்தீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகுமா, ஆகாதா?

இதைத் தொடர்ந்து பழக வேண்டும் என்று நான் சொன்னதும் உம்மும்மா, “இது ஆகுமா மகள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். வேடிக்கைக்காகவோ அலங்காரத்துக்காகவோ ஓர் உயிரைக் கொல்வது பாவம் என்பதில் சந்தேகம் இல்லை என்றார். உண்பதற்காக முறைப்படி அறுத்த கோழியின் வீசப்படும் தோலில் பழகிக் கல்விக்குப் பயன்படுத்துவதை அவர் தடுக்கவில்லை. வீட்டில் அழகுக்காக உருவங்களை வைப்பது பற்றி உலமாக்களிடம் பேச்சு உண்டு என்பதையும், ஐயம் வந்தால் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றையும், கடலாமை, கடற்பசு போன்றவற்றையும் பாதுகாக்கிறது. அவற்றைக் கொல்வது மட்டுமல்ல, உடலையோ பாகங்களையோ அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். நம் கரையில் ஆமையோ கடற்பசுவோ இறந்து ஒதுங்கினால் அதைத் தொடாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே நம் கடமை.

ஆகவே என் பயிற்சிக்கு ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் கறிக்காக நாட்டுக்கோழி அறுக்கும்போது, சுடுநீரில் போட்டு இறகு பிடுங்காமல், தோலை இறகோடு நான் உரித்துக்கொள்வேன், இறைச்சி உம்மாவுக்கு. இதற்காக ஒரு கோழிகூட மேலதிகமாக அறுக்கப்படவில்லை.

செய்யும் முறை

சாச்சா சொல்லித் தந்த ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் அளவு. சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை, சிறகின் மடிப்பிலிருந்து நுனி வரை, வால், கால், எடை என அனைத்தையும் எழுத வேண்டும். கண், சொண்டு, கால் ஆகியவற்றின் நிறத்தை உடனே குறிக்க வேண்டும். காய்ந்தால் அவை மங்கிவிடும்.

அடுத்தது உரித்தல். நெஞ்செலும்பின் அடியிலிருந்து வால் பக்கமாக இறகுகளை விலக்கி, தோலை மட்டும் கீற வேண்டும். வயிற்றுச் சுவரை வெட்டிவிட்டால் குடல் வெளியே வந்து இறகைக் கெடுக்கும். கசியும் ஈரத்தை உறிஞ்சுவதற்குச் சோளமாவைத் தூவிக்கொண்டே போக வேண்டும். கால்களை முழங்காலிலும், வாலை அதன் அடியெலும்பிலும், சிறகுகளைத் தோளிலும் பிரித்து, சட்டையை உட்புறம் வெளியே வரும்படி கழற்றுவது போலத் தலைவரை தோலைத் தள்ள வேண்டும். இழுக்கவே கூடாது, இழுத்தால் நீளும். மண்டையோட்டைத் தோலோடு விட்டு, மூளையையும் கண்களையும் அகற்ற வேண்டும்.

மூன்றாவது, கொழுப்பு நீக்குதல். இதுதான் சலிப்பான வேலை. இதுதான் முக்கியமான வேலையும்கூட. தோலில் மிஞ்சிய கொழுப்பு நாளடைவில் மஞ்சள் எண்ணெயாகக் கசிந்து தோலையே அரித்துவிடும். சுரண்டிய பின் சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி, இறகு பஞ்சுபோல் எழும்பும்வரை உலர்த்தி, தோலின் உட்புறம் எங்கும் வெண்காரத்தைத் தடவ வேண்டும். வெண்காரம் வாயிலும் கண்ணிலும் படக் கூடாது. சமையல் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

நான்காவது, உடல் செய்தல். தென்னந்தும்பை நூலால் இறுகச் சுற்றி, அகற்றிய உடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அதே அளவில் உருட்ட வேண்டும். கழுத்துக்கும் கால்களுக்கும் கல்வனைஸ் கம்பி. கண்ணுக்குக் கண்ணாடி மணி. தோலைப் போர்த்தித் தைத்து, இறகுகளை ஒவ்வொன்றாக ஒழுங்காக்கி, கலையாதபடி நூலால் மெல்லச் சுற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் காய விட வேண்டும். மேசைக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

ஓர் எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கோர், ஆசனிக் என்னும் பாஷாணம் கலந்த சவர்க்காரத்தைக் கண்டுபிடித்தார். பூச்சி அரிக்காமல் காத்ததால் நீண்ட காலம் உலகெங்கும் அதையே பயன்படுத்தினார்கள். ஆகவே பழைய பாடம் செய்த உருவங்களை எங்கே கண்டாலும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஒன்பது கோழிகள்

முதல் இரண்டு தோல்களில் உரிக்க மட்டுமே பழகினேன். மூன்றாவது காய்ந்து இரண்டு மாதத்தில் மஞ்சளாகிப் போனது. கொழுப்பைச் சுரண்டப் பொறுமை இல்லாததன் விளைவு. நான்காவதில் கழுத்து மறுபடி நீண்டது. அளவு எழுதியிருந்தேன், ஆனால் வேலை மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை. ஐந்தாவதை மார்கழி மழையில் காய வைத்துப் பூஞ்சணம் பிடிக்க விட்டேன்.

ஆறாவது எல்லா அளவும் சரியாக இருந்தும் கோழியாகத் தெரியவில்லை, பொம்மையாகத் தெரிந்தது. ஏன் என்று விளங்கவில்லை. சாச்சாவிடம் காட்டினேன். “இத விட்டுட்டு ஒரு கிழமை முத்தத்துல குந்துங்க” என்றார். ஒரு கொப்பியோடு முற்றத்தில் இருந்தேன். கோழி நிற்கும்போது அதன் பாதம் உடலின் பாரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நானோ கால்களை வெகு பின்னால் பொருத்தியிருந்தேன். கழுத்து நேராக இல்லை. வளைந்து இறகுக்குள் மறைந்திருக்கிறது. சிறகின் முன்மடிப்பு நெஞ்சிறகுக்குள் செருகியிருக்கிறது. பிறந்ததிலிருந்து கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்தக் கிழமைதான் கோழியைப் பார்த்தேன்.

ஏழாவது நின்றது. எட்டாவது, ஒன்பதாவது உருவங்களில் அறுத்த கழுத்தின் தையல் தெரியாமல் மறைக்கவும், இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரால் போக்கவும் பழகினேன். கையின் தேர்ச்சி என்று நான் நினைத்தது பெரும்பாலும் கண்ணின் தேர்ச்சியே என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்த வழியில் நடந்தவர்கள்

1908இல் பம்பாயில் சாலிம் அலி என்ற சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது முஸ்லிம்கள் உண்ணத்தக்க குருவிதானா என்ற ஐயத்தோடு மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டுபோனான். மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்ட், இழுப்பறை இழுப்பறையாக அடுக்கியிருந்த பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். பறவையை உரித்துப் பாடம் செய்யவும் அந்தச் சிறுவன் அங்கே பழகினான். அவரே பின்னாளில் ‘இந்தியாவின் பறவை மனிதர்’ எனப் புகழ் பெற்றார். இன்று நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சிறுவனின் கேள்வி கேட்கும் குணம் நமக்கும் வேண்டும்.

1826இல் எடின்பரோவில் மருத்துவம் படித்த சார்ள்ஸ் டார்வின், பறவையைப் பாடம் செய்ய ஜோன் எட்மன்ஸ்டன் என்பவரிடம் கற்றார். எட்மன்ஸ்டன் தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். இரண்டு மாதம், நாளுக்கு ஒரு மணி நேரம். கூலி ஒரு கினி. அந்தக் கை வேலைதான் பின்னர் டார்வினின் கடற்பயணத்தில் உதவியது. ஆனாலும் 1835இல் கலாபகோஸ் தீவுகளில் அவர் ஒரு பிழை விட்டார். எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. கப்பலில் இருந்த மற்றவர்கள் குறித்து வைத்திருந்தவற்றைக் கொண்டே அதைச் சரிசெய்ய வேண்டி வந்தது. இடமும் திகதியும் எழுதாத பறவை வெறும் பொம்மைதான் என்பதை அவரிடமிருந்தும் கற்கலாம்.

அமெரிக்காவில் 1831இல் பிறந்த மார்த்தா மக்ஸ்வெல் பாடம் செய்யும் கலையில் புகழ் பெற்ற பெண்மணி. கொலராடோவின் விலங்குகளை அவற்றின் இயற்கைச் சூழலோடு அமைத்து 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் வைத்தார். பெண்ணொருத்தி இதைச் செய்திருப்பாளா என்று கேட்டவர்களுக்காக, ‘பெண்ணின் வேலை’ என்று எழுதிய பலகையையும் அங்கே வைத்தார். ஓர் ஆந்தை இனத்தின் கிளைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

பத்தாவது

சென்ற ஆண்டு தம்பியின் இன்னொரு புறா, பக்கத்து மாடி வீட்டின் கண்ணாடி யன்னலில் மோதி விழுந்தது. சிறகு முறிந்து துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாப்பா பிஸ்மி சொல்லி அறுத்தார். இறைச்சியை யாரும் கேட்கவில்லை. தம்பி அதைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் உடனே கத்தியை எடுக்கவில்லை. “இது எப்புடி நிக்கும்? சொல்லுங்க” என்று கொப்பியைத் திறந்தேன்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். மாலையில் கூட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்கும். தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். கண் செம்மஞ்சள். எடை 310 கிராம், நீளம் 33 சென்ரிமீற்றர். அன்றிரவே உரித்து முடித்தேன். தோலில் இரண்டு இடம் கிழிந்தது; தைத்தேன். வாலில் ஓர் இறகு உதிர்ந்தது. அதே இடத்தில் ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து நூலை அவிழ்த்தபோது தம்பி பக்கத்தில் இருந்தான். நீண்ட நேரம் பார்த்தான். “கழுத்து இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கணும் ராத்தா” என்றான். பிறகு, “ஆனா இது அதுதான்” என்றான். உனக்கு வேண்டுமா என்று கேட்டேன். “வேணாம். நீங்க பாடசாலைக்குக் கொண்டு போங்க. வீட்டுல பறக்கிறது இருக்குதானே” என்று சொல்லிவிட்டு, தீனிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் போனான்.

அந்தப் புறா இன்று நம் கல்லூரியின் உயிரியல் ஆய்வுகூடத்தில் நிற்கிறது. அதன் காலில் கட்டிய சீட்டில் இடம், திகதி, அளவுகள், கண்ணின் நிறம், இறந்த காரணம் எல்லாம் இருக்கின்றன. ‘நிற்கும் நிலையைச் சொன்னவர்’ என்று தம்பியின் பெயரும் இருக்கிறது. கழுத்து இன்னும் கொஞ்சம் நீளந்தான். அடுத்ததில் திருத்த வேண்டும்.

தங்கைமாரே, இந்தக் கலையைக் கற்க விரும்பினால் கத்தியோடு தொடங்காதீர்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் முற்றத்துக் கோழியையோ, களப்பு ஓரத்துக் கொக்கையோ ஒரு கிழமை பாருங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் முதல் முயற்சி வீட்டை நாறடிக்கலாம். என் உம்மா நாற்றத்தை வெளியே போகச் சொன்னார். என்னை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது கோழியின் தோலை அவரே எடுத்து வைத்திருந்தார். அன்று அவர் அதை வீசியிருந்தால், தம்பிக்கு நான் கொடுத்த வாக்கு முருங்கை மரத்தடியிலேயே முடிந்திருக்கும்.